வடிவின் கையும் இருபது கூடைகளும்

"உன் கை பட்டதெல்லாம் கருகுதுடி! கண்ணால பாத்தவ சொல்றேன்!"

"உங்க கண்ணுக்கு என் பாத்தி மட்டுந்தான் தெரியுமாக்கா? மத்த பாத்தியில கருகினதெல்லாம் தூங்கிக்கிட்டா கெடக்கு?"

"வாயைப் பாரு! கை விளங்காட்டியும் வாய் நல்லா விளங்குது!"

நாற்றுப் பந்தலுக்குள் நடந்த இந்தச் சண்டை, தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருந்த மேல் லயம் வரைக்கும் கேட்டது. கேட்கவேண்டும் என்றேதான் அம்மாக்கண்ணு கத்தினாள். அவள் தொண்டை இருக்கும்போது தோட்டத்துக்கு எதற்குச் சங்கு என்று துரையே ஒருமுறை நினைத்திருப்பார்.

ஐம்பத்தொன்பதாம் வருஷம் அது. விதை போட்டுக் கன்று வளர்த்த தோட்டங்களெல்லாம் புது முறைக்கு மாறிக்கொண்டிருந்தன. நல்ல தேயிலைச் செடியின் கிளையை ஒரு துண்டுக்கு ஓர் இலை வீதம் வெட்டி மண்ணில் குத்திவிட்டால், சிலது வேர் விடும், சிலது கருகும். எது பிழைக்கும் என்று கடவுளுக்கும் தெரியாது, கங்காணி ஆண்டியப்பனுக்கும் தெரியாது. தெரியாத இடத்தில்தானே கைராசி நுழையும்? சண்முகவடிவுக்குக் கைராசி இல்லை என்று பேச்சுக் கிளம்பியது. கிளப்பியது யார் என்று சொல்லவேண்டியதில்லை. அம்மாக்கண்ணுவுக்குப் புதிதாக ஒரு மருமகள் வந்திருந்தாள். பந்தலில் உட்கார்ந்து செய்யும் வேலை அவளுக்குக் கிடைத்தால் நன்றாயிருக்கும் என்று மாமியார் நினைத்ததில் தப்பொன்றும் இல்லை.

வடிவுக்கு அப்படி விட்டுக்கொடுக்க வழியில்லை. கொழுந்துக் கூடையோடு மலையில் சறுக்கி விழுந்து முறிந்த கணுக்கால் கோணலாகக் கூடியிருந்தது. திரும்பவும் மலை ஏறச் சொன்னால் ஏற முடியாது. ஏறாவிட்டால் வேலைப் பதிவிலிருந்து பேர் வெட்டு. பேர் வெட்டினால் அவளும் அவள் அம்மாவும் இருந்த லயத்து ஒற்றை அறைக் காம்பராவும் போகும். இத்தனையும் நெஞ்சுக்குள் ஓட, வெளியே வாய் மட்டும் சளைக்காமல் பேசிக்கொண்டிருந்தது.

"ரெண்டு பேரும் நிறுத்துறீங்களா?" என்றார் ஆண்டியப்பன். "வடிவு, நானும் பாத்துட்டேன். மூணு தரமும் ஒன் பாத்திதான் மோசம். நாளையிலிருந்து மலைக்குப் போயிரு புள்ள."

அப்போதுதான் கண்டாக்கு சின்னராசா குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்தார். வெளிவேலையை மேற்பார்க்கும் உத்தியோகம். தலவாக்கலைப் பக்கத்து ஆராய்ச்சித் தோட்டத்தில் சில வருஷம் இருந்துவிட்டு வந்தவர். எதைக் கேட்டாலும் "அங்கெல்லாம் அப்படியில்ல" என்று தொடங்குவதால் அவருக்கு 'அங்கெல்லாம்' என்றே பேர்.

"மூணு தரமும் இவ எங்க ஒக்காந்து நட்டா?"

"வாசலோரம்" என்றார் கங்காணி. "கால் நோவும்னு நான்தான் கிட்டக்கவே எடம் குடுத்தேன்."

"மூணு தரமுமா? வாசல்லதானே காத்தும் வெயிலும் நுழையுது? கருகினது கையாலயா, எடத்தாலயான்னு எப்படிச் சொல்றது?"

கங்காணி தலைப்பாகையை அவிழ்த்தார், திரும்பக் கட்டினார். இரக்கப்பட்டுக் கொடுத்த இடமே அவளுக்கு எதிராகச் சாட்சி சொல்லும் என்று அவர் கண்டாரா? அம்மாக்கண்ணு விடவில்லை. "எடத்து மேல பழியப் போட்டா ஆச்சா? கைதான்னு எல்லாருக்கும் தெரியும்!"

"அங்கெல்லாம் அப்படியில்லம்மா. மொதல்ல, கைக்கும் கருகலுக்கும் சம்பந்தமே இல்லைன்னு வச்சுக்கணும்."

"இல்லாததை எதுக்கு வச்சுக்கணும்?"

"வச்சுப் பாப்போம். கண்ணு முன்னால நடக்கிறது அதுக்கு ஒத்து வரலைன்னா தூக்கிப் போட்டுறலாம்."

ஏற்பாடு இப்படி. ஒரே நாளில், ஒரே குவியலிலிருந்து துண்டெடுத்து, ஒரே மண்ணில் வடிவு பத்துக் கூடை, அம்மாக்கண்ணு பத்துக் கூடை நடவேண்டும். கூடைக்குப் பத்துத் துண்டு. யாருடையது என்று அடியில் மட்டும் கரியால் குறி. எந்தக் கூடை பந்தலில் எங்கே இருப்பது என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்வது. கருகியதைக் கங்காணி எண்ணுவார். எண்ணி முடியும்வரை அடியைப் பார்க்கக்கூடாது. அதுவரைக்கும் வடிவு பந்தலிலேயே இருப்பாள்.

"ஐயா," என்றாள் வடிவு, "என்னோடதுல ஒண்ணு ரெண்டு கூடக் கருகியிருந்தா? அதுக்கே மலைக்குப் போகணுமா?"

கண்டாக்கு அவளைத் திரும்பிப் பார்த்தார். கேட்கவேண்டிய கேள்வியை அவள் கேட்டுவிட்டாள்.

"போகவேணாம். ஒரே ஆள் நட்ட ரெண்டு கூடையே ஒண்ணுபோல இருக்காது. எவ்வளவு வித்தியாசம் சும்மாவே வரும்னு பாக்கணும். கை ஒண்ணும் செய்யலைன்னா, இது ஒன் கூடை, அது அம்மாக்கண்ணு கூடைன்னு பேரை மாத்திச் சொன்னாலும் ஒண்ணுதானே? அப்போ பேரைக் கலைச்சுப் போட்டுப் பாப்போம். நூறு தரம் கலைப்போம். ஒனக்கு எத்தனை கூடக் கருகிச்சோ, அவ்வளவோ அதுக்கு மேலயோ ஒன் பக்கம் அஞ்சு தரத்துக்கும் கொறைவா வந்தா, சும்மா வந்ததுன்னு நம்ப முடியாது. கைதான்னு வச்சுக்குவோம்."

"அதென்ன அஞ்சு?" என்றாள் அம்மாக்கண்ணு.

"எங்கயாவது ஒரு கோடு போடணும்ல? எண்ணின பொறவு போட்டா அவங்கவங்களுக்கு வசதியாப் போடுவாங்க. அதான் இப்பவே."

வடிவு யோசித்தாள். "அப்ப, ஒண்ணுமே செய்யாம நான் மாட்டிக்கவும் வழி இருக்குதுங்களா?"

"இருக்கு" என்றார் அவர். மழுப்பவில்லை. அந்த ஒரு சொல்லுக்காகவே அவள் அவரை நம்பினாள்.

மழைக்காலம் முழுக்க லயத்தில் வேறு பேச்சில்லை. வடிவு தன் கூடைகளைத் தனியாகப் பார்த்துத் தண்ணீர் விட்டுவிடுவாள் என்று அம்மாக்கண்ணு காவல் காத்தாள். எது யாருடையது என்று தெரியாததால் இருபதையும் காவல் காக்கவேண்டியதாயிற்று. இவ்வளவு சிரத்தையாக அவள் அதற்கு முன் எந்த வேலையும் செய்ததில்லை.

மழை ஓய்ந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை எண்ணினார்கள். கங்காணி ஒவ்வொரு கூடையாகச் சொல்ல, கண்டாக்கு ஒவ்வொரு எண்ணையும் தனித்தனிச் சீட்டில் எழுதினார். பிறகு அடியைத் திருப்பிப் பார்த்தார்கள். அம்மாக்கண்ணுவின் கூடைகளில் கருகியது முப்பத்தொன்று. வடிவின் கூடைகளில் முப்பத்தெட்டு.

"ஏழு கூட!" அம்மாக்கண்ணு கையைத் தட்டினாள். "நான் சொன்னேன்ல?"

வடிவு கங்காணியைப் பார்த்தாள். இப்போதே போகச் சொல்லிவிடுவாரோ? ஆண்டியப்பன் அவளைப் பார்க்காமல், "சொன்ன பேச்சு இன்னும் முடியலை. கலைங்க" என்றார்.

சீட்டுகளைப் பிஸ்கட் டின்னில் போட்டார்கள். குலுக்கும் பொறுப்பைத் தனக்கே தரவேண்டும் என்று அம்மாக்கண்ணு பிடுங்கிக்கொண்டாள். பத்துச் சீட்டை எடுத்து வடிவு பக்கம் வைப்பாள், மிச்சம் பத்து அவள் பக்கம். கண்டாக்கு கூட்டிக் கழித்துச் சொல்வார். முதல் தரம், வடிவு பக்கம் மூன்று கூட. அடுத்து, அம்மாக்கண்ணு பக்கம் ஒன்பது கூட.

"அதெப்படி? நான் நட்டதா ஒன்பது கூடக் கருகிச்சு?"

"நீ நட்டதும் இல்ல, அவ நட்டதும் இல்லம்மா. பேரைத்தான் கலைச்சிருக்கோம்."

"சரியாக் குலுங்கலை!" என்று இன்னும் பலமாகக் குலுக்கினாள். அடுத்ததும் அவள் பக்கமே கூட வந்தது. சுற்றி நின்ற பெண்கள் சிரித்த சிரிப்பில் பந்தல் ஆடியது. "அம்மாக்கண்ணுக்கா, கையில என்ன பூசியிருக்கீங்க?"

ஆனால் ஒன்று சொல்லத்தான் வேண்டும். வடிவு பக்கம் ஏழோ அதற்கு மேலோ வந்தபோதெல்லாம் அது எத்தனையாவது என்று உரக்கக் கணக்கு வைத்தவள் அம்மாக்கண்ணு ஒருத்திதான். முதலில் ஒவ்வொன்றும் தனக்கு வெற்றி என்று நினைத்துக் கத்தினாள். ஐந்தாவது வந்தபோதுதான் விஷயம் அவளுக்கு உறைத்தது. ஏழு கூடுவது அடிக்கடி வருகிறது என்றால், அது வடிவின் கையால் வந்தது என்று எப்படிச் சொல்வது? உறைத்த பிறகும் அவள் நிறுத்தவில்லை, மறைக்கவும் இல்லை. குரல் மட்டும் இறங்கியது. ஆறு, ஏழு, எட்டு. நூறாவது குலுக்கலில் கணக்குப் பத்தொன்பது.

"பத்தொம்பது" என்றாள் அம்மாக்கண்ணு, யாரும் கேட்காமலே. "சும்மாவே வருது போல."

"அப்ப வடிவு இங்கயே இருக்கட்டும்" என்றார் கங்காணி. "இனிமே எடமும் சீட்டுப் போட்டுத்தான்."

வடிவு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கண்டாக்குவைக் கும்பிட்டாள். தனக்கு எதிரான எண்ணைக் கேட்டும் வாக்கு மாறாத கங்காணியைக் கும்பிட்டாள். அம்மாக்கண்ணுவிடம் வந்து அவள் கையைப் பிடித்தாள். "நீங்க ஒரு எண்ணை முழுங்கியிருந்தாக்கூட யாருக்கும் தெரிஞ்சிருக்காதுக்கா."

"போடி" என்றாள் அம்மாக்கண்ணு. கையை மட்டும் இழுத்துக்கொள்ளவில்லை.

"அப்ப என் கை ராசியான கைதானுங்களே, ஐயா?"

"அப்படி நான் சொல்லலை. கெட்ட கைன்னு சொல்ல ஆதாரமில்லை. அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா? நல்லதா ஒரு வார்த்த சொன்னா என்னவாம்?" என்று வடிவு முறைத்துவிட்டுச் சிரித்துவிட்டாள். கேட்டது கிடைக்கவில்லை. ஆனால் காம்பரா இருந்தது, வேலை இருந்தது. அன்று ராத்திரி அவள் அம்மா அடுப்பில் பாயசம் வைத்தாள். அந்த லயத்தில் காரணம் தெரியாமல் பாயசம் குடித்தவர்களும் உண்டு.

வடிவுக்கும் கண்டாக்குவுக்கும் முடிச்சுப் போடாத வாய் அப்புறம் லயத்தில் இல்லை. அத்தனையும் வீண். அடுத்த தையில் அவர் வலப்பனையில் ஒரு வாத்தியாரம்மாவைக் கட்டிக்கொண்டு, மாற்றல் வாங்கி அந்தப் பக்கமே போய்விட்டார். கல்யாணத்துக்கு இரண்டு பஸ் மாறி, காலை இழுத்துக்கொண்டு வடிவு போய் வந்தாள். மாப்பிள்ளைக்கு என்ன முறை என்று பந்தியில் கேட்டவர்களிடம், "எங்க சோத்தைக் காப்பாத்துனவரு" என்றாளாம். அறுபத்திரண்டில் அவளையும் கேட்டு வந்தார்கள். மாப்பிள்ளை அழகுமுத்து, பட்டிப்பொலையில் ரயில் பாதை வேலை. வடிவு அம்மாவையும் கூட்டிக்கொண்டு அந்தக் குளிருக்குள் குடியேறினாள். அம்மாக்கண்ணுவின் மருமகள் பந்தலில் அவள் இடத்துக்கு வந்தாள். கல்யாணத்தன்று வடிவை அனுப்பிவைக்கும்போது எல்லாரையும்விட அதிகமாக அழுதது அம்மாக்கண்ணுதான். அந்தச் சத்தமும் மேல் லயம் வரைக்கும் கேட்டது.