சிவப்புக் கைப்பிடி

விமானப் பட்டறை மெக்கானிக் அழுக்குத் துணியில் எதையோ சுற்றிக்கொண்டு பக்கத்து வீட்டிலிருக்கும் தன் அக்காவின் சமையலறைக்குள் நுழைந்தபோது, நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். ஏற்கெனவே காய்ந்த துணியைத்தான். என் கொடிக்கயிறு அந்தச் சன்னலுக்கு நேராக அமைந்துவிட்டதற்கு நான் என்ன செய்ய?

அவள் புருஷன் வயல்களுக்கு மருந்து தெளிக்கும் சின்ன விமானத்தை ஓட்டியவர். பாதி ஆயுளை மலைமேல் ஓட்டியே கழித்தவர். மலைக்குளிர் இவளுடைய மூச்சிரைப்புக்கு ஆகவில்லை என்று போன மாதம்தான் இந்தக் கடலோரத்துக்கு இறங்கி வந்தார்கள். வந்த நாளிலிருந்து "இங்க மூச்சு நல்லா வருதுங்க" என்று, பிள்ளை முதல் மார்க் வாங்கியதைப் போலத் தெருவெல்லாம் சொல்லித் திரிந்தாள். போன வாரம் விமானம் தரையைவிட்டு ஏறும்போதே இன்ஜின் நின்று விழுந்தது. அவர் பிழைக்கவில்லை.

தம்பி துணியைப் பிரித்தான். கவிழ்த்த டம்ளர் மாதிரி, விழுந்த விமானத்து இன்ஜினின் ஒரு பிஸ்டன். தலையில் எலி கடித்ததுபோல் ஓட்டை.

"பழைய சாமான்க்கா. யார் மேலயும் தப்பில்ல."

"புளுகாதடா, உனக்கு வராது. பெட்ரோலைக் குறைக்கிற அந்தச் சிவப்புக் கைப்பிடிய அவரு இழுத்திருந்தாரா?"

அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "முழு வேகத்துல ஏறுறப்ப பெட்ரோல் தாராளமா போகணும்க்கா. அதுதான் இன்ஜினைச் சூடேறாம வச்சிருக்கும். இழுத்துக் குறைச்சா சூடு எகிறிடும். உள்ள சீரா எரிய வேண்டியது பட்டுபட்டுன்னு வெடிக்கும். சுத்தியலால அடிக்கிற மாதிரி."

"மலையில இழுத்துட்டுத்தானடா கிளம்புவாரு? மேல காத்து லேசு, பெட்ரோலையும் குறைச்சாத்தான் வண்டி இழுக்கும்பாரு."

"அங்க அது சரி."

"இங்க?"

எதற்கும் ஓர் அபிப்பிராயம் வைத்திருப்பவள் நான். அப்போது கையிலிருந்த கிளிப்பைக்கூட மாட்டத் தோன்றவில்லை.

"இங்க காத்து கனம், பெட்ரோலும் முழுசா வேணும். பழகின கைக்கா," என்றான் தம்பி. "மாமா யோசிச்சிருக்கவே மாட்டாரு."

"எனக்கு மூச்சு விடணும்னுதானடா கீழ இறங்கி வந்தாரு…"

பிஸ்டனை எடுத்துக்கொண்டு தொட்டிக்குப் போனாள். அடிப்பிடித்த பாத்திரத்தைத் தேய்ப்பதுபோல் நாரும் சோப்பும் போட்டுத் தேய்த்தாள்.

"அந்தக் கரி போகாதுக்கா. விடு."

அவள் அதன் திறந்த வாய் மேலே வரும்படி கவிழ்த்துக் குழாயடியில் பிடித்தாள். தண்ணீர் உள்ளே நிற்காமல் ஓட்டை வழியே இறங்கி, மணிக்கட்டில் ஓடி, முழங்கையிலிருந்து தரையில் சொட்டியது. குழாயை இன்னும் முழுசாகத் திறந்துவிட்டு, நிறையட்டும் என்பதுபோல் பிடித்துக்கொண்டே நின்றாள்.