உலை கொதிக்கும் நேரம்

டிரங்குப் பெட்டிக்குள் போன் அடித்தது. கலைவாணி கையில் சாமை அரிசியோடு அப்படியே நின்றாள். அம்மாதான். அம்மாவின் ஊரில் வீட்டுக்குள் டவர் கிடைக்காது. பொழுது சாய்வதற்குள் பாறை மேல் ஏறி நின்றால்தான் பேச முடியும். முழங்கால் வலியோடு ஏறி வந்து, மகள் எடுப்பாள் என்று காத்திருப்பாள். அடித்து ஓய்ந்தது. மறுபடியும் அடித்தது. பெட்டிச் சாவி மாமியார் அம்சவல்லியின் முந்தானையில் முடிந்து கிடந்தது.

“அது அடிச்சா அடிக்கட்டும். நீ உலையைப் பாரு,” என்றாள் அம்சவல்லி.

உலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அதுதான் அசைவேனா என்றிருந்தது.

எல்லாம் கரண்ட் அடுப்பால் வந்த வினை. ஓசூரில் கம்பெனி வேலைக்குப் போன அவள் புருஷன் லட்சுமணன், பெண்டாட்டி விறகுக்கு அலைகிறாளே என்று வாங்கி அனுப்பியது அது. அடியில் 230 வோல்ட், 2000 வாட் என்று போட்டிருந்தது. திருப்பத்தூரில் இருக்கும் அம்சவல்லியின் அக்கா வீட்டிலும் இதே அடுப்புதான். அங்கே அரிசி களைவதற்குள் உலை கொதித்துவிடும். இங்கே மலையில், அரிசி களைந்து, காய் நறுக்கி, ஆட்டைக் கட்டிவிட்டு வந்தாலும் தண்ணீர் வெதுவெதுப்பாகத்தான் இருக்கும்.

போன வாரம் ஒரு நாள் அம்சவல்லி பிடித்துக்கொண்டாள். “அதே அடுப்பு. அங்க கொதிக்குது, இங்க கொதிக்கல. இன்னா அர்த்தம்? அடுப்பை அணைச்சிட்டு ஆத்தாகிட்ட ஊர்க்கதை அளக்கற. நான் வர்ற சத்தம் கேட்டா போட்டு வுட்ற.”

“இல்லத்தை, அணைக்கவே இல்ல.”

“அப்போ அடுப்பு திருடுதா?”

அன்றைக்குத்தான் போன் பெட்டிக்குள் போனது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கொழுந்தன் சந்திரன் வந்தான். ஊர் ஊராகப் போய் வீடுகளுக்கு வயரிங் செய்கிறவன். அவன் சாப்பிட்டுக் கை கழுவும் வரை கலைவாணி இரண்டு தடவை வாயைத் திறந்து மூடினாள். கடைசியில் தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்: “தம்பி, உங்க மீட்டரை இந்த அடுப்புல வெச்சுப் பாக்கறீங்களா?”

“இன்னா அண்ணி, அடுப்புக்கு ஜுரமா?”

சிரித்தபடியே பார்த்தான். வோல்டேஜ் நூற்றைம்பதுதான் இருந்தது. அடுப்புக்குப் போகும் ஒற்றை வயரை மீட்டரால் கவ்விப் பிடித்தான். ஐந்து புள்ளி ஏழு ஆம்பியர்.

“நாம லைன் கடைசியில கெடக்கறோம். சாயங்காலம் ஆனா இவ்ளோதான் வரும்,” என்றான்.

கலைவாணி பதினொன்றாம் வகுப்புப் பாதியில் கல்யாணத்துக்காக நின்றவள். ஆனாலும் அந்தக் கணக்கு மறக்கவில்லை. அடுப்பு வந்த அட்டையில் கரித்துண்டால் போட்டாள். வோல்டேஜை ஆம்பியரால் வகுத்தால் அடுப்புக் கம்பியின் தடை: இருபத்தாறு ஓம் சொச்சம். இரண்டையும் பெருக்கினால் பவர்: எண்ணூற்று ஐம்பத்தைந்து வாட். அதே தடைக்கு 230 வோல்ட் கொடுத்தால்? ஒன்பது ஆம்பியருக்குக் கொஞ்சம் குறைவாக ஓடும். பெருக்கிப் பார்த்தாள். இரண்டாயிரத்தை ஒட்டி வந்து நின்றது.

“எனக்குப் புரியறாப்ல சொல்லு,” என்றாள் அம்சவல்லி.

“அடுப்புல கோளாறு இல்லத்தை. பெரியத்தை வூட்ல அது முழு வேலை செய்யுது. இங்க வர்ற கரண்டுக்குப் பாதிகூட செய்யாது. அங்க ஒரு பங்கு நேரம்னா இங்க ரெண்டு பங்குக்கு மேலயே ஆவும். நான் பக்கத்துல நின்னாலும் அவ்ளோதான், நிக்காட்டியும் அவ்ளோதான்.”

“நெசமாடா?” என்று மகன் பக்கம் திரும்பினாள் அம்சவல்லி.

“நெசம்தாம்மா. நானா இருந்தா மீட்டரைப் பாத்துட்டு லைன் வீக்குன்னு சொல்லிட்டுப் போயிருப்பேன்.”

 அம்சவல்லி முந்தானை முடிச்சை அவிழ்த்து, பெட்டியைத் திறந்து, போனை எடுத்து நீட்டினாள். “இந்தா. உம்மேல தப்பில்ல.”

கலைவாணிக்குக் கண் நிறைந்துவிட்டது.

மறுநாள் பொழுது சாயும் நேரம் உலை வைத்துவிட்டு, போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். முதுகுக்குப் பின்னால் தரதரவென்று சத்தம் கேட்டது. அம்சவல்லி ஒரு மூட்டைப் புளியை இழுத்து வந்துகொண்டிருந்தாள்.

“நீ நிக்காட்டியும் கொதிக்கும்னியே. அந்த நேரத்துக்கு இது. செங்கத்துலேர்ந்து புளி யாவாரி வர்றதுக்குள்ள கொட்டை எடுத்துடலாம். ரெண்டு பங்கு நேரம் கெடக்குதே!”

கணக்கு அவள் போட்டது. மறுத்துப் பேச அதில் இடமில்லை. கல்லை எடுத்துத் தட்டத் தொடங்கினாள். விரலெல்லாம் பிசுபிசுத்தது. போன் அடித்தது.

“புளிக் கையால தொடாத. நானே அமுக்கறேன், கை அதுபாட்டுக்கு ஓடட்டும்,” என்ற அம்சவல்லி, ஸ்பீக்கரில் போட்டு மூட்டை மேல் வைத்தாள்.

“எம்மா, கலை! இத்தினி நாளா இன்னாடி ஆச்சி?” அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. “சோறு போடறாங்களா? கண்ணு, பக்கத்துல யார்னா இருக்காங்களா?”

அம்சவல்லி, இல்லை என்று சொல் என்பதுபோலத் தலையை ஆட்டினாள்.

கலைவாணி கல்லைக் கீழே வைத்தாள். “அத்தை இருக்காங்கம்மா,” என்றாள்.

பாறை மேல் காற்று இரைவது கேட்டது. “அப்டியா,” என்றாள் அம்மா. “கேட்டேன்னு சொல்லு. நல்லா இரு. இருட்டுது, எறங்கறேன்.”

போன் அணைந்தது. அம்சவல்லி மூட்டையைக் கவிழ்த்து, புளி முழுவதையும் கலைவாணி பக்கமாகக் கொட்டினாள்.