நீலச் சதுரம், நீல வட்டம்

ஒன்றை எடுத்த பிறகும் குறை தெரியவில்லை என்றால், அது இருந்திருக்கவே வேண்டாம். அவள் தொழிலின் சூத்திரம் அவ்வளவுதான். அண்ணனின் மருந்துக் கம்பெனிப் பெட்டிகளைப் புதிதாக வடிவமைத்தபோதும் அதையே செய்தாள். பழைய பெட்டியில் பூ, சூரியன், சிரிக்கும் குடும்பம் என்று ஒரே சந்தைக்கூட்டம். ஒவ்வொன்றாகக் கழித்தாள். சுமார் நூறு வருஷத்துக்கு முன் சில ஓவியர்கள் மரத்தையும் மனிதரையும் விட்டுவிட்டு வெறும் சதுரத்தையும் வட்டத்தையும் வரைந்தார்களே, அந்தத் துணிச்சல் மேல் அவளுக்குக் கல்லூரி நாளிலிருந்தே பைத்தியம்.

கடைசியில் மிஞ்சியது வெள்ளைப் பெட்டி. நடுவில் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு நீல வடிவம். ரத்த அழுத்த மாத்திரைக்குச் சதுரம், தூக்க மாத்திரைக்கு வட்டம். பெயர் அடியில் மெல்லிய சாம்பல் எழுத்தில். நிறம் கம்பெனியைச் சொல்லும், வடிவம் மருந்தைச் சொல்லும்.

"ஏய் கோடு, அச்சடிக்க மறந்துட்டாங்கன்னு நினைக்கப் போறாங்க" என்றான் அண்ணன். சின்ன வயதில் சுவரெல்லாம் கிறுக்கியதற்கு அவன் வைத்த பட்டப்பெயர்.

"தள்ளி நின்னு கண்ணைச் சுருக்கிப் பாருண்ணா. ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியுதா?"

"தெரியுது."

"அப்ப போதும்."

அச்சாகி, மாத்திரை நிரப்பி வந்த பெட்டிகளில் சிலதை அண்ணன் வீட்டுக்கே கொண்டுபோனான். அவர்கள் இருவரையும் வளர்த்த பெரியப்பா அங்கேதான் இருந்தார். அந்த இரண்டு மாத்திரையுமே அவருக்கு உண்டு.

அடுத்த வாரம் ஒரு காலையில் பெரியப்பா குளியலறையில் விழுந்தார். அவள் ஆஸ்பத்திரிக்கு ஓடியபோது தலையில் கட்டோடு கிடந்தார். கூப்பிட்டால் அசைவில்லை.

அண்ணி பையிலிருந்து இரண்டு பெட்டிகளை எடுத்தாள். சதுரம் போட்டது பிரிக்கப்படவே இல்லை. வட்டம் போட்டதில் பாதி காலி.

"காலையிலயும் இந்தத் தூக்க மாத்திரையையேதான் போட்டிருக்கார்" என்றாள்.

"அவருக்குக் கண்ணுல புரை. அதுக்கு இவ என்ன பண்ணுவா?" அண்ணன் தங்கையைக் காப்பாற்றப் பார்த்தான்.

அவளுக்கு அந்த இரக்கம் உறைத்தது. மங்கின கண்ணில் முதலில் கரைவது வடிவத்தின் ஓரம். ஓரத்திலும் மூலைதான் முந்திக்கொள்ளும். அங்கே நிறம் ஒரு துளிதான், சுற்றிலும் வெள்ளை நெருக்கிக்கொண்டு நிற்கிறது. மூலை போன சதுரம் வட்டம்தானே? அவர்கள் சுருக்கிப் பார்த்தது நல்ல கண்களை. மாத்திரை சாப்பிடப்போகிறவர்களிடம் ஒரு தடவைகூடக் காட்டவில்லை.

"பெட்டியெல்லாம் நிறுத்துண்ணா."

அவன் சுவரைப் பார்த்தான். "நேத்தே கடைகளுக்குப் போயிடுச்சு, கோடு."

அந்த நடைவழி பெஞ்சிலேயே உட்கார்ந்து கடைகளைப் பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டு போனில் கூப்பிட்டார்கள். சிலர் எடுத்தார்கள், சிலர் எடுக்கவில்லை. ஒரு கடைக்காரர் உற்சாகமாகப் பேசினார்.

"பெட்டி பளிச்சுனு இருக்கு மேடம். இப்பதான் ஒரு பெரியவர் ரெண்டையும் வாங்கிட்டுப் போனார்."

"யாரு அவர்? எந்த வீடு?"

"புது ஆளு மேடம். தெரியலையே."

"எந்தப் பக்கம் போனார்? கொஞ்சம் எட்டிப் பாருங்களேன்!"

போனை மேஜையில் வைக்கும் சத்தம். செருப்புச் சத்தம் தள்ளிப்போய்த் திரும்பி வந்தது.

"தெருவில யாரையும் காணோம் மேடம்."