டிரைவர் பக்கத்து ஸ்பிரிங்

எரிந்த வண்டி எது பட்டறைக்கு வந்தாலும் அண்ணன் முதலில் செய்கிற வேலை சீட்டை அமுக்கிப் பார்ப்பதுதான். பஞ்சும் ரெக்ஸினும் சாம்பலாகிப் போயிருக்கும், ஸ்பிரிங் மட்டும் நிற்கும். தீ எங்கே ரொம்ப நேரம் நின்று எரிந்ததோ அங்கே ஸ்பிரிங் முறுக்கு இறங்கித் தொய்ந்துவிடும், அமுக்கினால் எழுந்திருக்காது. மற்ற இடத்தில் அமுக்கினால் துள்ளும். தீ எந்த மூலையில் பிடித்தது என்று இதை வைத்தே சொல்லிவிடலாம். "யாரோ வேணும்னே கொளுத்திட்டாங்க சார்" என்று வண்டிக்காரர் கண்ணைக் கசக்கிக்கொண்டு நிற்பார். அண்ணன் இரண்டு விரலால் அமுக்கிவிட்டு, "கொளுத்தினதெல்லாம் இல்ல சார், நீங்க சிகரெட்டை அணைக்காம பின்சீட்டுல போட்டிருக்கீங்க" என்பான். அந்த ஆள் முகத்தில் ஈயாடாது. அண்ணன் மீசையைத் தடவிக்கொள்வான்.

தீயில் போன பழைய கார்களையும் லாரிகளையும் மீட்டெடுக்கிற பட்டறை எங்களுடையது. எடைக்குப் போடச் சொல்லி மற்றவர்கள் கைவிரித்த வண்டிகள்தான் எங்களிடம் வரும். என்ஜினும் வயரிங்கும் அண்ணன். பெயின்ட் வேலைக்கு ஒருவர் இருக்கிறார், சொட்டு மாமா. அவர் சட்டையில் பெயின்ட் சொட்டாத இடத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். தகர வேலையும் வெல்டிங்கும் நான். அதாவது, அப்பாவின் லாரி எரிகிற வரைக்கும் நான்.

அந்த லாரியை ஓட்டித்தான் அப்பா எங்கள் இரண்டு பேரையும் ஆளாக்கினார். மூக்கு நீண்ட பழைய லாரி. அவரே பிரஷ்ஷால் அடித்த பச்சை. ஓட்டுவதை நிறுத்திய பிறகு அதைப் பட்டறைக்குள் கொண்டுவந்து விட்டார். தினமும் காலையில் அதன் படியில் உட்கார்ந்துதான் பேப்பர் படிப்பார். சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு சாயங்காலம் அதன் பின்கதவுக் கீல் விட்டுப்போயிருந்தது. நான் வெல்டிங் வைத்தேன். வைத்த இடத்தில் ஈரச் சாக்கைப் போட்டுவிட்டு உள்ளே போனேன். பட்டறைக்குப் பின்னாலேயேதான் வீடு. சாப்பிட உட்கார்ந்தபோது புகை நாற்றம் வந்தது. ஓடிப்போய்த் தண்ணீரை ஊற்றி அணைப்பதற்குள் பாதி லாரி போய்விட்டது.

"வெல்டிங் வெச்சியா?" என்று அண்ணன் என்னைக் கேட்டான். அது ஒன்றுதான் கேட்டான். அதற்கு மேல் யாரும் எதையும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

மறுநாள் நான் முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே வருவதற்குள் லாரியைத் தார்ப்பாயால் மூடி இறுக்கிக் கட்டிவிட்டிருந்தான். "பார்த்தாலே வயிறு எரியுது. யாரும் இதைத் தொடாதீங்க" என்றான். நான் எங்கே தொடப்போகிறேன்? அந்தப் பக்கம் போகவே எனக்குக் கூசியது.

அப்பாதான் என்னைக் கூப்பிட்டார். அண்ணி, சொட்டு மாமா, பக்கத்துக் கடைக்காரர்கள் எல்லாரும் நின்றிருந்தார்கள். என் தலையில் கை வைத்து, "தெரியாம நடந்துபோச்சு. நான் மன்னிச்சுட்டேம்மா. மனசுல வெச்சுக்காதே" என்றார். அண்ணி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அந்தக் கைக்காக நான் இத்தனை வருஷமும் நாயாக உழைத்தேன். வெல்டிங் டார்ச்சை யாரும் என்னிடம் நீட்டவில்லை, நானும் கேட்கவில்லை. சாம்பல் சலிப்பது, துரு சுரண்டுவது, உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது என்று கிடைத்ததைச் செய்தேன். வந்த வரன்களையும் ஏதாவது சாக்குச் சொல்லித் தட்டிக் கழித்தேன். லாரியையும் எரித்துவிட்டு அவரையும் விட்டுவிட்டுப் போவதா என்று இருந்தது.

போன வாரம் வெளியூரிலிருந்து எரிந்த கார் ஒன்றை இழுத்துவர அண்ணன் கிளம்பினான். எனக்கு ஓர் ஆசை வந்தது. அவன் திரும்பி வருவதற்குள் லாரியைப் பிரித்துச் சாம்பலை அள்ளித் துருவுக்கு எண்ணெய் காட்டி வைத்துவிட்டால், மெல்ல மெல்ல அதை எழுப்பிவிடலாம். அப்பாவை மறுபடியும் ஸ்டியரிங் முன்னால் உட்கார வைக்கலாம்.

"உங்கண்ணன் சத்தம் போடுவாரும்மா" என்றார் சொட்டு மாமா.

"போடட்டும். வண்டி ஓடறதைப் பார்த்தா தன்னால வாயை மூடிக்கும்."

தார்ப்பாயை இழுத்தோம். பழக்க தோஷம், என் கை முதலில் சீட்டுக்குத்தான் போனது. டிரைவர் பக்கத்து ஸ்பிரிங் அமுக்கியதும் எழாமல் படுத்துவிட்டது. கிளீனர் பக்கம் அமுக்கினேன், துள்ளியது. மறுபடி டிரைவர் பக்கம் அமுக்கினேன். படுத்துக் கிடந்தது.

பின்பக்கம் ஓடினேன். நான் வெல்டிங் வைத்த கீல் சேதமில்லாமல் இருந்தது. அதைச் சுற்றி அப்பா அடித்த பச்சை கொஞ்சம் கொப்புளித்திருந்தது, அவ்வளவுதான். பின்கதவுப் பலகையை நகத்தால் கீறினேன். கரிக்கு அடியில் நல்ல மரம் தெரிந்தது. கேபினை ஒட்டிய பலகைகள் இருந்த சுவடே இல்லை. என் பொறியில் பிடித்த தீ என் கீலை விட்டுவிட்டு நேராக டிரைவர் சீட்டில் போய் உட்கார்ந்துகொள்ளுமா? சொட்டு மாமாவும் எல்லாவற்றையும் பார்த்தார். பீடியைப் பற்றவைக்கப் போனவர் அதைத் திரும்பப் பையில் போட்டுக்கொண்டார்.

டேஷ்போர்டுக்குக் கீழே கிடந்த சாம்பலை அள்ளிச் சலித்தேன். ஃப்யூஸைப் பிடித்திருக்கிற இரண்டு கவ்விகள் சல்லடையில் நின்றன. நடுவில் ஃப்யூஸ் இல்லை. தடித்த செம்புக் கம்பி ஒன்று முறுக்கப்பட்டிருந்தது, அதன் நுனி உருகி மணியாகத் திரண்டிருந்தது. ஃப்யூஸ் அடிக்கடி போகிறதே என்று அதற்குப் பதிலாக யாரோ கம்பியைக் கட்டிவிட்டிருக்கிறார்கள். அறுந்துபோக ஃப்யூஸ் இல்லாததால் வயர் பற்றிக்கொண்டது. யாரோ என்ன யாரோ! இந்தப் பட்டறையில் வயரிங்கைத் தொடுகிறவன் ஒரே ஆள். வெளி வண்டியில் இப்படிக் கம்பியைக் கண்டால் வானத்துக்கும் பூமிக்கும் குதிக்கிறவனும் அதே ஆள்தான்.

அவனுக்குத் தெரியும். ஊரார் வண்டியையெல்லாம் இரண்டு விரலில் படிக்கிறவன், சொந்த அப்பா லாரியின் சீட்டைப் பார்க்காமலா மூடிக் கட்டியிருப்பான்? வயிறு எரிந்ததாம், வயிறு.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கோபத்துக்கு முன்னால் எனக்குச் சந்தோஷம்தான் வந்தது. நான் எரிக்கவில்லை. சல்லடையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் ஓடினேன். அப்பா ஜன்னலோரம் நாற்காலியில் இருந்தார்.

"அப்பா! நான் இல்லப்பா! லாரியை எரிச்சது நான் இல்ல!"

அப்பா சல்லடையைப் பார்த்தார். என்ன அது என்று கேட்கவில்லை.

"கையைக் கழுவிட்டு வாம்மா. தரையெல்லாம் கரி."

"அண்ணன் ஃப்யூஸுக்குப் பதிலா கம்பி கட்டியிருக்குப்பா. சீட்டுகூட டிரைவர் பக்கந்தான்…"

"தெரியும்மா."

"என்ன தெரியும்?"

"அன்னிக்கு விடிஞ்சதும் விடியாததுமா நான் போய்ப் பார்த்தேன். அவன் தார்ப்பாய் போடறதுக்கு முன்னாடியே." அப்பா கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்தார். "நானும் ஆயுசு பூரா லாரியில கிடந்தவன்தானே."

சல்லடை கையில் கனத்தது. கீழே வைத்தேன்.

"அப்புறம் ஏம்ப்பா?"

"எரிஞ்ச வண்டியைச் சரி பண்ற பட்டறை இது. அவன் கட்டின கம்பியிலயே ஒரு வண்டி எரிஞ்சுதுன்னா நாளைக்கு எவன் வண்டி விடுவான்? அவன் தலைநிமிர்ந்து நடக்க முடியுமா? வெல்டிங் பொறின்னா அப்படியா? யாருக்கும் நடக்கறதுதான்."

"யாருக்கும் நடக்கறதுன்னா எதுக்குப்பா என்னை மன்னிச்சீங்க?"

"எல்லாரும் நின்னுட்டிருந்தாங்க. ஏதாவது சொல்லணும்ல?"

நான் குனிந்து தரையில் சிந்திய கரியை ஒதுக்கினேன். அதைச் சமாதானம் என்று எடுத்துக்கொண்டார் போலிருக்கிறது. குரலைத் தாழ்த்தி, "அவன் தாங்கமாட்டாம்மா. நீ தாங்கிப்பே. உன் மனசு பெரிய மனசு" என்றார். பெருமையாகச் சொன்னார். அப்பா என்னைப் பாராட்டிக் கேட்க வேண்டும் என்று எத்தனையோ நாள் ஏங்கியிருக்கிறேன். இப்படிக் கேட்டிருக்க வேண்டாம்.

"எனக்குத் தெரியும்னு மட்டும் அவன்கிட்ட சொல்லிடாதே" என்றார்.

மறுநாள் மத்தியானம் அண்ணன் வந்தான். வேனுக்குப் பின்னால் கருகிய கார். "இங்க வந்து பாரு, எப்படிப்பட்ட வண்டி மாட்டியிருக்குன்னு!" என்று இறங்கும்போதே கத்தினான். அப்புறம்தான் தார்ப்பாய் இல்லாத லாரியைப் பார்த்தான்.

"அதை யார் பிரிக்கச் சொன்னது?"

செம்புக் கம்பியை அவன் உள்ளங்கையில் வைத்தேன். குனிந்து பார்த்தவன் நிமிரவேயில்லை. அண்ணி வாசலுக்கு வந்துவிட்டாள். சொட்டு மாமாவும் பிரஷ்ஷை வைத்துவிட்டு வந்து நின்றார்.

"இதை அப்பாகிட்ட காட்டிட்டியா?" என்று கேட்டான். அவன் வாயிலிருந்து வந்த முதல் கேள்வி அது.

அப்பா கேட்டுக்கொண்டது நினைவில் இருந்தது. இருந்தும் சொன்னேன். அவனுக்கு வலிக்க வேண்டும் என்றுதான் சொன்னேன். "அப்பாவுக்கு அன்னிக்குக் காலையிலயே தெரியும்."

அந்தக் காரின் பம்பரில் உட்கார்ந்துவிட்டான். இப்போது என்னைப் பார்ப்பான் என்று காத்திருந்தேன். என்ன சொல்லுவான், நான் என்ன திருப்பிக் கேட்பேன் என்று ராத்திரியெல்லாம் யோசித்து வைத்திருந்தேன்.

"அப்போ அப்பாவுக்கு என்மேல கோபமே இல்லியா?" என்றான். அவன் முகம் தெளிந்துகொண்டே வந்தது. "தெரிஞ்சா என்ன ஆகுமோன்னு தினமும் செத்துப் பொழைச்சேனே!"

எழுந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் வீட்டுக்குள் ஓடினான். கொஞ்ச நேரத்தில் உள்ளிருந்து அழுகைச் சத்தம் கேட்டது. "மன்னிச்சுடுங்கப்பா" என்றான். "எப்பவோ மன்னிச்சுட்டேண்டா" என்றார் அப்பா. பிறகு அப்பாவும் அழுதார். அவர் அழுது நான் கேட்டதேயில்லை. நடுவில் என் பேச்சு வருமா என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். வரவில்லை.

உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு வந்த அண்ணி மூக்கை உறிஞ்சியபடி சிரித்தாள். "ஏன் வெயில்ல நிக்கறே? உள்ள வா. எல்லாம் சரியாயிடுச்சு."

"யாருக்கு, அண்ணி?" என்றேன்.