கட்டிலுக்கு ஒரு பெயர்

"ஏங்க, நீங்கதானா பேசறது?" என்று கேட்டுவிட்டு மனைவி அழத் தொடங்கியபோது, அவன் கையில் பாதி மடித்த ஆஸ்பத்திரி விரிப்பு இருந்தது.

"நான்தான். வேற யாரு பேசுவா?"

"ஆஸ்பத்திரியில இருந்து போன் வந்துச்சு. நம்ம பாஷைக்காரம்மா ஒருத்தங்க பேசினாங்க. உங்களுக்குக் காய்ச்சலாம், மூச்சு விட முடியலையாம், சேர்த்திருக்காங்களாம்."

"நான் இங்க துணி மடிச்சுக்கிட்டிருக்கேன்டி. மூச்செல்லாம் நல்லாத்தான் போய்ட்டு வருது."

அவள் மூக்கை உறிஞ்சினாள். "அப்ப அங்க படுத்திருக்கறது யாரு?"

யார் என்று அவனுக்கு அக்கணமே தெரிந்துவிட்டது.

விஷயம் இதுதான். சலவைக்கூடத்துக்காரர்கள் வேலையாட்களுக்குக் கட்டில் பிடித்துத் தருகிறார்கள். ஒரு கட்டிலுக்கு இரண்டு ஆள். ஒருவனுக்கு வேலை காலை ஆறு முதல் மாலை ஆறு, இன்னொருவனுக்கு மாலை ஆறு முதல் காலை ஆறு. ஒருவன் கிளம்பிய பிறகு மற்றவன் வந்து படுப்பான். கட்டில் முழுதாக ஆறுவதே இல்லை. சூப்பர்வைசர் இவனைப் பகல் என்றும் அவனை ராத்திரி என்றும் கூப்பிடப்போக, அதுவே பெயராக ஒட்டிக்கொண்டது. கட்டடத்துச் சட்டப்படி கட்டிலுக்கு ஓர் ஆள்தான். அதனால் வாசல் காவலாளியின் பதிவேட்டில் பதினான்காம் கட்டிலுக்கு நேரே பகலின் பெயரும் அவன் மனைவியின் போன் எண்ணும் மட்டும் இருந்தன. அந்த ஏட்டின்படி ராத்திரி என்ற மனிதன் பிறக்கவே இல்லை.

வேலையிலும் அப்படித்தான். ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் இயந்திரம் சுவருக்குள் பதித்தது, அதற்கு இரண்டு கதவுகள். அழுக்குப் பக்கத்துக் கதவு வழியாகப் போட்ட துணி, வெந்து அலசிப் பிழிந்து, சுவரின் மறுபுறம் சுத்தப் பக்கத்துக் கதவு வழியாகத்தான் வெளியே வரும். ஒன்று திறந்திருந்தால் மற்றது திறக்காது. அழுக்குக் காற்றுகூட இப்புறம் வந்துவிடக் கூடாது என்று அப்படிச் செய்திருக்கிறார்கள். ராத்திரி தன் ஷிப்டில் அழுக்குப் பக்கம் போடுகிறவன், பகல் தன் ஷிப்டில் சுத்தப் பக்கம் எடுத்து மடிக்கிறவன். இரண்டு வருடத்தில் நேருக்கு நேர் பார்த்தது ஆறேழு தடவை இருந்தால் அதிகம்.

பேச்செல்லாம் தலையணைக்கு அடியில் வைக்கும் சீட்டில்தான். 'உன் எண்ணெய் நாத்தம் தாங்கல' என்று இவன் எழுதினால், 'எண்ணெய் தேய்க்க எனக்கு முடி இருக்கு' என்று பதில் இருக்கும். தொற்று வந்து கடைகளை மூடியதும், அதே வீட்டில் பலகைத் தடுப்புகளுக்கு அந்தப்புறம் தங்கியிருந்த கடைப் பையன்கள் ஊர் போய்விட்டார்கள். குறட்டையும் சண்டையுமாக இருந்த வீட்டில் குழாய் சொட்டுவது கேட்டது. அதன் பிறகு பகல் சீட்டை இரண்டு முறை படித்துவிட்டுத்தான் படுத்தான்.

போனை வைத்துவிட்டு ஓடி வந்த பகலைப் பார்த்து சூப்பர்வைசர் கைநீட்டி, தள்ளி நில் என்றார்.

"அண்ணே, ராத்திரியை என் பேர்ல சேர்த்துட்டாங்க."

"தெரியும். காவலாளி ஏட்டைப் பார்த்துப் பேர் குடுத்துட்டான். வாயை மூடிக்கிட்டு மடி."

"அவன் வீட்டுக்குத் தெரியாதே."

"தெரிஞ்சா பறந்தா வரப்போறாங்க? ஒரே கட்டில்னு சொன்னே, இன்னிக்கே உன்னைத் தூக்கிட்டுப் போய் தனிமை முகாம்ல அடைச்சிடுவான். நீ திரும்பி வரும்போது உன் இடத்துல வேற ஆள் இருப்பான். குணமாயி வந்து அவனே சொல்லிக்கட்டும்."

"வரலேன்னா?"

சூப்பர்வைசர் முகக்கவசத்தை மூக்குக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டார். "பேப்பர்ல செத்துட்ட உனக்கு எப்படிச் சம்பளம் போடறதுன்னு அப்ப யோசிப்போம்."

பகலுக்குச் சிரிப்பு வரவில்லை. தன் கையைப் பார்த்தான். அந்தக் கை மடித்த விரிப்பில்தான் நாளைக்கு யாரோ நோயாளி படுக்கப்போகிறார்.

அறைக்கு வந்து படுக்கையைத் தொட்டான். ஜில்லென்று இருந்தது. ராத்திரியின் தலையணைக்கு அடியில் சீட்டு. எழுத்து கோணிக்கொண்டு போயிருந்தது.

'காய்ச்சல் மாதிரி இருக்கு. இன்னிக்கு இங்க படுக்காதே. உன் தலையணையைக் காலையிலேயே கிளிப்பு போட்டுக் கொடியில தொங்கவிட்டுட்டேன். அப்புறம் தொடல.'

கொடியில் அவன் தலையணை, இரண்டு காதுகளிலும் கிளிப்பு மாட்டி, தூக்கில் போட்ட முயல் மாதிரி தொங்கியது. மூச்சு முட்டும் நேரத்தில் ஒரு மனிதன் இதைச் செய்திருக்கிறான்.

மனைவியிடம் ஆஸ்பத்திரி நம்பரை வாங்கி அடித்தான். அந்தப் பாஷைக்காரம்மாவே எடுத்தார்.

"அங்க இருக்கறவர் பேரு தப்பும்மா. சரியான பேரைச் சொல்றேன், எழுதிக்கங்க." எழுத்து எழுத்தாகச் சொன்னான்.

"நீங்க யாரு?"

"நீங்க எழுதி வச்சிருக்கீங்களே, அந்தப் பேருக்குச் சொந்தக்காரன். ஒரே கட்டில்தான் ரெண்டு பேருக்கும்."

"வெளியே எங்கேயும் போகாதீங்க. வண்டி அனுப்பறோம்."

"அவன் எப்படி இருக்கான்?"

"மூச்சுக்குக் குழாய் வச்சிருக்கு. இப்ப வேற எதுவும் சொல்ல முடியாதுப்பா. அவர் வீட்டு நம்பர் இருக்கா?"

அவனிடம் இல்லை. தேடுகிறேன் என்று சொல்லிப் போனை வைத்தான். தேடவே வேண்டியிருக்கவில்லை. மெத்தைக்கும் சுவருக்கும் நடுவே ஏதோ உறுமியது. ராத்திரியின் போன். திரையில் 'வீடு' என்று இருந்தது; அதற்குக் கீழே, எடுக்காமல் விட்ட அழைப்புகள் பதினொன்று.

பச்சையைத் தொட்டுக் காதில் வைத்தான். வாயைத் திறப்பதற்குள் அந்தப் பக்கம் கொட்டத் தொடங்கிவிட்டது.

"எத்தனை தடவ அடிக்கறது? கும்பகர்ணன் தோத்தான் போங்க. சின்னவளுக்கு முன்பல்லு விழுந்துடுச்சு. அப்பாகிட்டதான் முதல்ல சொல்லணும்னு வாயைப் பொத்திக்கிட்டே திரியறா, சோறுகூட திங்கல. இவ அண்ணன் சும்மா இருக்கானா, பொக்கவாய் பொக்கவாய்னு..."

பேச்சில் எங்காவது ஓர் இடைவெளி வரும் என்று அவன் சுவரில் கையை ஊன்றி நின்றுகொண்டிருந்தான்.