கட்டில்காரியின் கடிதம்

காலை ஏழு மணிக்கு யாய்ரா மூன்றாவது வாளித் தண்ணீரை மாடிக்குக் கொண்டுவந்து இறக்கினாள். குழாயில் தண்ணீர் நின்று நான்கு நாட்கள் ஆகியிருந்தன. கீழே தொட்டியடியில் வரிசையில் நின்று, வாளியைத் தலையில் ஏற்றி, மூன்று மாடி ஏற வேண்டும். சும்மாடாக வைத்திருந்த துணி நனைந்து அவள் காதோரம் நீர் வழிந்தது.

"ஒண்ணு உங்களுக்குக் குளிக்க, ஒண்ணு துவைக்க, ஒண்ணு பாத்திரத்துக்கு. சரியா அக்கா?"

"ம்" என்றாள் டெலாலி. கட்டிலில் சாய்ந்து ஒரு தாளில் எதையோ எழுதி அடித்துக்கொண்டிருந்தாள். யாய்ரா எதில் குளிப்பாள் என்று அவள் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவும் இல்லை.

டெலாலி கடைசி வருடம், உயிர்வேதியியல். யாய்ரா முதல் வருடம். விடுதியில் இடம் கிடைக்காத முதல் வருடப் பெண்கள், கட்டில் கிடைத்த ஒருத்தியின் அறையில் தரையில் பாய் விரித்துப் படுத்துக்கொள்வார்கள். அவர்களுக்குத் தொத்திகள் என்று பெயர், கிளையில் தொத்திக்கொண்டிருக்கும் பறவையைப் போல. இடம் கொடுப்பவள் கட்டில்காரி. விதிப்படி இது குற்றம். கட்டில்காரி பிடிபட்டால் கட்டிலை இழப்பாள். ஆனால் தொத்தி இல்லாத அறை அந்த விடுதியில் இல்லை என்பது வாசல் காவலாளி வரை எல்லோருக்கும் தெரியும். சோதனைக்கு ஆள் வந்தால் தொத்திகள் குளியலறைக்குள் போய்விடுவார்கள். மற்ற நேரங்களில் தண்ணீர் தூக்குவார்கள், துணி துவைப்பார்கள், கெங்கே என்கிற சோள மாவு உருண்டை விற்கிற அம்மாவிடம் வரிசையில் நிற்பார்கள். அதை யாரும் வேலை என்று சொல்வதில்லை. உதவி என்பார்கள்.

அன்று மாலை முதல் வருட மாணவிகளுக்கு வரவேற்பு விழா. ஒவ்வோர் ஆண்டும் கடைசி வருடப் பெண்கள் பத்துப் பேர், கல்லூரிக்கு முதல் நாள் வந்து நின்ற தங்களுக்கே ஒரு கடிதம் எழுதுவார்கள். பெரிய தாளில் எழுதிய கடிதங்கள் சாப்பாட்டுக் கூடத்துச் சுவரில் ஒட்டப்படும். அவற்றில் சிறந்ததை எழுதியவளே படிப்பாள். இந்த முறை விடுதிப் பொறுப்பாளர் மேடம் டோக்பே, டெலாலியின் வரைவைப் பார்த்துவிட்டு, "நீதான் படிக்கிற" என்று சொல்லியிருந்தார். பெரிய தாளை நண்பகலுக்குள் கொடுக்க வேண்டும். கட்டில்காரி சொல்ல, தொத்தி எழுதுவாள். அது எப்போது தொடங்கிய வழக்கமோ தெரியாது.

எட்டரை மணிக்கு யாய்ரா தரையில் தாளை விரித்துக் குப்புறப் படுத்துக்கொண்டாள்.

"அன்புள்ள டெலாலின்னு ஆரம்பி."

"பேருக்குக் கீழ கோடு போடவா அக்கா?"

"போடு, போடு. கல்யாணப் பத்திரிகை மாதிரி இருக்கட்டும்."

யாய்ரா சிரித்தாள். சிரித்தபடியே சுவர்க் கடிகாரத்தை ஒரு முறை பார்த்தாள். டெலாலி குரலைச் சரிசெய்துகொண்டு படிக்கத் தொடங்கினாள்.

"'நீ கட்டம் போட்ட பெரிய பையோடு வாசலில் நிற்கிறாய். எல்லோரும் உன்னைவிட அறிவாளிகள் என்று நினைக்கிறாய். அப்படி இல்லை. அவர்களும் பயந்துதான் நிற்கிறார்கள். புரியாததைக் கேள். கேட்காமல் தலையாட்டியவர்கள்தான் பின்னால் அழுதார்கள்.' எழுதிட்டியா?"

"எழுதிட்டேன்."

"'உன் நேரத்தை யாருக்கும் தூக்கிக் கொடுத்துவிடாதே. ஒரு வகுப்பையும் தவறவிடாதே.'"

கதவு தட்டப்பட்டது. ஆய்வுக்கூட வெள்ளை அங்கியோடு ஒரு பெண் தலையை நீட்டினாள். யாய்ராவின் வகுப்புத் தோழி சேனா.

"ஏய், இன்னும் படுத்துகிட்டா இருக்க? ஒம்போதாகப் போவுது! இன்னிக்கும் வரலேன்னா அந்த மனுஷன்..." டெலாலியைப் பார்த்ததும் மீதியை விழுங்கினாள். "குட் மார்னிங் அக்கா."

"என்ன வகுப்பு?"

"கெமிஸ்ட்ரி பிராக்டிகல் அக்கா."

"இவளுக்கு உடம்பு சரியில்லன்னு சொல்லிடு. இன்னும் அரைப் பக்கம்தான். முடிச்சிட்டு வருவா."

சேனா யாய்ராவைப் பார்த்தாள். யாய்ரா தாளைப் பார்த்தாள். கதவு மெல்லச் சாத்தப்பட்டது.

"எங்க விட்டோம்? ஆங். 'முடியாது என்று வாய்விட்டுச் சொல்லக் கற்றுக்கொள்.'"

பேனா நின்றது.

"என்ன, மை தீந்துடுச்சா?"

"இல்ல அக்கா." யாய்ரா நிமிரவில்லை. "இத யாருகிட்ட சொல்லணும்?"

"எத?"

"முடியாதுன்னு."

"ஓ, அதுவா." டெலாலி கால்களை மடக்கிக்கொண்டு கதை சொல்ல உட்கார்ந்தாள். "மொத வருஷம் நானும் தொத்திதான், தெரியுமா? அக்கோர்ஃபான்னு ஒருத்தி என் கட்டில்காரி. ராட்சசி! அவ துணியத் துவைச்சுத் துவைச்சே ஒரு பாடத்துல கவுந்தேன். மறு வருஷம் எழுதித்தான் பாஸ் பண்ணேன். அன்னிக்கே அவகிட்ட முடியாதுன்னு சொல்லிருக்கணும்."

"அவங்க கடைசி வருஷமா அப்போ?"

"ஆமா."

"அப்போ அவங்களும் இந்த லெட்டர் எழுதிருப்பாங்கல்ல?"

"எழுதினாளே. அவ படிச்சு முடிக்கறப்போ பாதிப் பேரு அழுதுட்டாங்க. அவ்வளவு நல்லா இருக்கும். நான்தான் அத..."

டெலாலியின் பார்வை தரையில் விரித்திருந்த தாளில் போய் நின்றது.

முதல் வருடத்தில் தன் முழங்கை வலித்தது அவளுக்கு நினைவுக்கு வந்தது. இதே மாதிரி தரையில் குப்புறப் படுத்து, இதே அளவுத் தாளில், "யாருக்கும் அடிமையாக இருக்காதே" என்று அவள் எழுதியிருக்கிறாள். அக்கோர்ஃபா நகத்துக்குச் சாயம் பூசியபடி மேலேயிருந்து, "எழுதிட்டியா?" என்று கேட்டிருக்கிறாள்.

கட்டிலைவிட்டு இறங்கினாள்.

"எத்தன பிராக்டிகல் விட்டிருக்க?"

"ரெண்டு."

"எப்போ?"

"மொத தடவ உங்க துணியத் தையல்காரிகிட்ட வாங்கப் போனேன். அடுத்தது உங்க பிராஜெக்ட் பிரிண்ட் எடுக்க வரிசைல நின்னேன்."

மூன்று செய்முறை வகுப்பு தவறினால் அந்தப் பாடம் அந்த ஆண்டுக்குப் போயிற்று. டெலாலிக்கு அது நன்றாகத் தெரியும்.

"பாடம் போனா உனக்கு என்னாகும்?"

"எங்க ஊரு கேட்டா. அங்க இருக்கற ஊர்ச் சங்கம்தான் படிக்க வைக்குது. ஒரு பாடம் போனாலும் நிறுத்திடுவாங்க."

"அத ஏன்டி எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா வேற தொத்தி பாத்துப்பீங்கன்னு பயந்தேன்."

அதைச் சொன்ன பிறகுதான் யாய்ரா அழுதாள். சத்தம் வரவில்லை.

"அப்புறம் அழலாம். அங்கி எங்க இருக்கு? எடு!"

இருவரும் ஓடினார்கள். வடக்கிலிருந்து வரும் தூசிக்காற்று வீசிக்கொண்டிருந்தது. எதிரே வேதியியல் கட்டடம் மங்கலாகத்தான் தெரிந்தது. போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்பது இருபத்தைந்து. ஆய்வுக்கூடக் கதவு சாத்தியிருந்தது. டெலாலி தட்டினாள். செய்முறை ஆசிரியர் அக்பேக்கோ கதவை ஒரு சாண் அளவு திறந்தார்.

"இவங்களுக்கு உடம்பு சரியில்லன்னு சொன்னாங்களே. நோயாளி நல்லாத்தானே ஓடுது?"

"அது பொய் சார். நான்தான் சொல்லச் சொன்னேன்."

"நீ யாரு?"

"கடைசி வருஷம், பயோகெமிஸ்ட்ரி. இவ என் ரூம்ல..."

அவர் கையை உயர்த்தினார். "இரு. அத எங்கிட்ட சொல்லிட்டா நான் விடுதிக்கு எழுதியாகணும். யோசிச்சுப் பேசு."

"யோசிச்சுட்டேன் சார்."

"லேட்டா வந்தா ரெண்டே வழிதான். ஆஸ்பத்திரிச் சீட்டு வேணும். இல்லன்னா, அவளத் தடுத்து வச்சவங்க எழுதிக் கையெழுத்துப் போடணும். பரீட்சைக்கு எத்தன வாரம் இருக்கு உனக்கு?"

"ஆறு."

"கட்டில் போயிடும்."

"தாள் குடுங்க சார்."

சுவரில் வைத்து எழுதினாள். அனுமதியில்லாமல் யாய்ராவை அறையில் வைத்திருந்தேன், இரண்டு முறை என் வேலைக்கு அனுப்பி அவள் வகுப்பைக் கெடுத்தேன், இன்று மூன்றாவது முறையும் கெடுக்கப் பார்த்தேன், அவள்மேல் தவறு இல்லை. நான்கு வருடத்தில் அவள் எழுதியவற்றில் இதுதான் மிகச் சிறியது. கடைசி வரி சரிந்து போயிருந்தது.

அக்பேக்கோ இரண்டு முறை படித்தார். கதவை அகலத் திறந்தார்.

"போம்மா. டைட்ரேஷன் ஆரம்பிச்சாச்சு. ப்யூரெட் முனையில காத்துக் குமிழி இருக்கான்னு பாத்துட்டு அளவு எடு. அவசரத்துல எல்லாரும் அதத்தான் விடுவாங்க."

யாய்ரா உள்ளே போனாள். திரும்பிப் பார்க்க அவளுக்கு நேரமில்லை.

மாலை விழா தொடங்குவதற்கு முன் மேடம் டோக்பே டெலாலியைச் சாப்பாட்டுக் கூடத்தின் ஓரத்துக்கு அழைத்தார். அவர் கையில் டெலாலி காலையில் ஆய்வுக்கூடத்தில் எழுதிக் கொடுத்த தாள் இருந்தது.

"நாளைக்குள்ள ரூமக் காலி பண்ணணும். தெரியுமில்ல?"

"தெரியும் மேடம். டவுன்ல அத்தை வீடு இருக்கு. ட்ரோட்ரோ வேன்ல வந்து போய்க்கறேன்."

"போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம். எப்போ படிப்ப?"

"வண்டியில படிக்கறேன் மேடம். அந்தக் கட்டில யாய்ராவுக்குக் குடுத்துடுங்களேன்."

"கட்டில் என்ன உங்கப்பா எழுதி வச்ச சொத்தா, கை மாத்திவிட? வரிசை இருக்கு." மேடம் தாளை மடித்தார். "அவ பேரு வரிசைல எங்க இருக்குன்னு பாக்கறேன்" என்றார். "உன் லெட்டர் எங்க? சுவத்துல ஒம்போதுதான் இருக்கு."

"பாதியில நின்னுடுச்சு மேடம்."

"அப்போ வாயால சொல்லு. உன் பேரு நிகழ்ச்சியில இருக்கு."

முன்வரிசைகளில் முதல் வருடப் பெண்கள் புதுச் சட்டைகளில் உட்கார்ந்திருந்தார்கள். பின்னால் பெரியவர்கள் சுவரில் சாய்ந்து நின்றார்கள். டெலாலிக்குக் கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லை. மேடையில் இருந்த மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் மொத வருஷத்து எனக்கு ஒரு லெட்டர் எழுதினேன். நல்லாத்தான் இருந்துச்சு. வகுப்ப விடாத, முடியாதுன்னு சொல்லப் பழகு, அப்படியெல்லாம். அத என் தொத்திதான் எழுதினா. அவ பிராக்டிகல விட்டுட்டு உக்காந்து எழுதினா."

கூடத்தில் சலசலப்பு எழுந்தது. தொத்தி என்ற சொல்லை மேடம் டோக்பே முன்னால் யாரும் உரக்கச் சொன்னதில்லை.

"ஒரே நாள்ல புனிதவதி ஆயிட்டியா டெலாலி?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. சிரிப்பு எழுந்தது. "எங்க தண்ணிய யாரு தூக்கறது, நீ வந்து தூக்குறியா?"

டெலாலி சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தாள்.

"இல்ல. இன்னிக்குக் காலைல எட்டரை மணி வரைக்கும் நானும் உங்களோட நின்னு சிரிச்சிருப்பேன். நாம பட்டோம், இவங்களும் படட்டும், அதான் கல்லூரின்னு நெனச்சேன்." முன்வரிசையைப் பார்த்தாள். "மொத நாள் வந்து நின்ன டெலாலிக்கு நான் இப்போ என்ன சொன்னாலும் கேக்காது. அவ போயிட்டா. கேக்கற தூரத்துல, என் கட்டிலுக்குக் கீழயே ஒருத்தி படுத்திருந்தா. அவளுக்கு நான் ஒரு வார்த்த சொல்லல. வாளியக் குடுத்தேன்."

கடைசி வருடப் பெண் ஒருத்தி சுவரில் தன் பெயர் இருந்த தாளைப் பார்த்துவிட்டுப் பார்வையைத் திருப்பிக்கொண்டாள்.

"ஒருத்தி என்னக் கஷ்டப்படுத்தினா. அவள என்னால ஒண்ணும் பண்ண முடியல. அதனால, எனக்கு ஒரு கெடுதலும் செய்யாத ஒருத்திமேல அந்தக் கணக்கத் தீத்தேன். அதுக்கு வழக்கம்னு பேரு வச்சோம். நமக்கு நடந்த அநியாயத்த அடுத்தவளுக்கு நடக்காம நிறுத்தணும். நாலு வருஷத்துல நான் கத்துக்கிட்டது அவ்வளவுதான். அதையும் மொத வருஷப் பொண்ணு ஒருத்தி கேள்வி கேட்டுத்தான் கத்துக்கிட்டேன்."

சொல்லிவிட்டு மேடையைவிட்டு இறங்கினாள். பெட்டி கட்டும் வேலை இன்னும் பாக்கி இருந்தது.