கழுகுச் சங்கம்

"தம்பி, அந்தப் பிளக்கைக் கழட்டாதேங்கோ."

அன்னபாக்கியம் கராஜ் வாசலில் செருப்பில்லாமல் நின்று சொன்னாள். உள்ளே அவளுடைய கணவரின் தம்பி மகேசன், தேத்தண்ணிக்குச் சுடுதண்ணி வைக்க இடம் தேடி மேசைக்கு அடியில் குனிந்திருந்தான். வானொலிப் பெட்டியின் பிளக்கில் வைத்த கை வைத்தபடியே நின்றது.

"சனம் வரப்போகுது அண்ணி. வேற பிளக் இல்லை. இனி இதை ஆர் பாவிக்கப் போகினம்?"

கேட்ட பிறகுதான் என்ன கேட்டோம் என்று அவனுக்கே உறைத்தது. எழுந்து கால்சட்டையில் ஒட்டியிருந்த தூசியைத் தட்டினான். இல்லாத தூசியையும் சேர்த்துத் தட்டினான்.

"இண்டைக்குச் சனிக்கிழமை. ஒன்பது மணிக்கு அவை வருவினம். அவைக்கு இன்னும் ஒருத்தரும் சொல்லேல்லை."

"ஆர் அவை?"

"கழுகுச் சங்கம்."

மகேசன் சுடுதண்ணிப் பானையைத் தூக்கிக்கொண்டு குசினிக்குப் போய்விட்டான். வியாழன் பின்னேரம் புருசனைப் பறிகொடுத்தவள், அன்று முதல் ஒரு வாய் சாப்பிடாதவள், கழுகு என்று சொன்னாலும் காகம் என்று சொன்னாலும் கேட்டுக்கொள்ளத்தான் வேண்டும்.

வெளியே ஆக்லாந்தின் ஹில்ஸ்பரோ முழுவதும் ஜூலை மழை ஊசியாய் இறங்கிக்கொண்டிருந்தது. குணரத்தினத்தின் உடலை ஒன்பதரை மணிக்குப் பிறகு வீட்டுக்குக் கொண்டுவருவதாகச் சொல்லியிருந்தார்கள். கிரியை முடித்து மத்தியானம் எரிக்கக் கொண்டுபோவது ஏற்பாடு. நகரத்தின் மற்றப் பக்கங்களான மாசியில் இருந்தும் பாபடோயிட்டோயில் இருந்தும் வந்த பெண்கள் முன்னறையில் பாய் விரித்து இருந்தார்கள். புதிதாக வந்த ஒவ்வொருத்தியிடமும் அன்னபாக்கியம் ஒரே கதையைச் சொன்னாள்.

"ஒரு நோவும் இல்லாமல் போனவர். மெசினில இருந்து இறக்கிக் கட்டில்ல விட்டவை, அப்பிடியே கண்ணை மூடிட்டார். ரெண்டு வருசமா நோ எண்டு ஒரு சொல் அவற்றை வாயில வரேல்லை. எல்லாம் முருகன் எடுத்துப்போட்டான்."

அதைச் சொல்லச் சொல்ல அவளுக்கு நெஞ்சு கொஞ்சம் லேசானது. அந்த ஒரு ஆறுதலைப் பிடித்துக்கொண்டுதான் அவள் இரண்டு நாளாக நடமாடினாள்.

அதற்குப் பின்னால் ஒரு கதை உண்டு. குணரத்தினத்துக்குச் சிறுநீரகம் பழுதாகி, இரத்தம் சுத்திகரிக்கும் இயந்திரத்தில் கிடக்கத் தொடங்கிய முதல் மாதங்களில் அவர் நன்றாகவே அனுங்கினார். கெண்டைக்கால் நரம்பு சுண்டி இழுக்கிறது என்பார், ஊசி குத்திய கை உளைகிறது என்பார், இரவெல்லாம் தோல் அரிக்கிறது என்பார். அவள் முருகனிடம் நேர்ந்துகொண்டு ஆறு நாள் விரதம் பிடித்தாள். தண்ணீர், அந்திக்கு ஒரு கோப்பை பால், அவ்வளவுதான். அவளுக்கு ஏற்கெனவே சலரோகம், நீரிழிவு. அப்படியானவள் ஆறாம் நாள் பஸ் தரிப்பிடத்தில் அடியற்ற மரமாக விழுந்தாள். அம்புலன்ஸ் வந்து, அதே ஆசுப்பத்திரிக்கு, கணவரின் வார்டுக்கு இரண்டு மாடி கீழே கொண்டுபோய்ப் போட்டது. மறுநாள் குணரத்தினம் சக்கர நாற்காலியில் அவளைப் பார்க்க வந்து, "இஞ்சாரும், நோ போட்டுது. துப்புரவாப் போட்டுது" என்றார். நோ முழுதாகப் போய்விட்டதாம். அன்றோடு சரி. பிறகு அவர் வாயில் அந்தச் சொல்லே வரவில்லை. வெள்ளிக்கிழமைப் பஜனைக்குப் போகும் வீடுகளில் எல்லாம் அவள் அந்த விரதத்தின் மகிமையைச் சொல்லியிருக்கிறாள். கேட்டவர்களில் இரண்டு பேர் தாங்களும் பிடித்துப் பார்த்தார்கள்.

அவளுடைய பங்குக்கு முருகனோடு சமையலும் சேர்ந்திருந்தது. உருளைக்கிழங்கை, சிறுநீரகத்துக்கு ஆகாத உப்புப் போகட்டும் என்று வெட்டி, ஊறவைத்து, இரண்டு தண்ணீரில் அவித்து ஊற்றி, சாரமில்லாத சக்கையாக்கித்தான் அவருக்குக் கறி வைப்பாள். தேத்தண்ணியை அளந்து கொடுப்பாள். தன்னைவிட ஒரு மனுசி புருசனைப் பார்த்திருக்க முடியாது என்று நினைத்தாள். அதில் பொய்யும் இல்லை.

ஒன்பதுக்குக் கொஞ்சம் முன்னால் ராமச்சந்திரா வந்தார். டிவி திருத்துகிறவர். பிஜியில் பிறந்தவர், பாட்டன் காலத்துத் தமிழில் நாலு சொல் மட்டும் மிச்சம் வைத்திருப்பவர். மற்றதெல்லாம் ஆங்கிலம். ஆக்லாந்தில் குணரத்தினத்துக்கு வாய்த்த ஒரே வானொலிக் கூட்டாளி அவர்தான். நனைந்த கோட்டைக் கழற்றி வாசலில் தொங்கவிட்டு, அவளைப் பார்த்துக் கைகூப்பினார். "அக்கா" என்றார். அது அந்த நாலு சொல்லில் ஒன்று.

பெட்டி சூடாகட்டும் என்று பொத்தானைத் தட்டிவிட்டு, குணரத்தினத்தின் கதிரையில் இருக்காமல் பக்கத்தில் கிடந்த ஸ்டூலை இழுத்துப்போட்டு இருந்தார். அன்னபாக்கியம் அதைப் பார்த்தாள். அந்த மனிதர்மேல் அவளுக்கு மரியாதை வந்தது.

குணரத்தினம் ஊரில் தந்திக் கந்தோரில் வேலை பார்த்தவர். தட்டிப் பழகிய விரல் அவர் ஓய்வுபெற்ற பிறகும் சும்மா இருக்கவில்லை. இங்கே வந்து பரீட்சை எழுதி உரிமம் எடுத்து, தூர தேசத்தாரோடு பேசக்கூடிய பழைய ஹாம் ரேடியோ ஒன்றை வாங்கி, கராஜ் கூரையில் இருந்து எலுமிச்சை மரம் வரைக்கும் கம்பி இழுத்தார். அந்தக் கம்பியில் ஒருநாள் அன்னபாக்கியம் சேலை காயப்போட்டாள். அமெரிக்காவில் ஒரு கிழவி பேசிய பேச்சு பாதியில் அறுந்ததற்கு அந்தச் சேலைதான் காரணம் என்று வீட்டில் ஒரு கிழமை வழக்கு நடந்தது.

அந்தக் கிழவி கிளாரா. விஸ்கான்சினில் ஓர் ஆற்றங்கரையில் இருப்பவள். முதல் தடவை பேசியதற்கு அடையாளமாக அவள் ஒரு படம் அனுப்பினாள்: வெள்ளைத் தலை, மண்ணிற உடம்பு, விரித்த சிறகு. குணரத்தினம் படத்தைக் கண்டதும் கன்னத்தில் போட்டுக்கொண்டார். கருடன் என்றே நினைத்தார். அன்னபாக்கியமும் அப்படியே நினைத்து, சாமித்தட்டில் முருகனுக்குப் பக்கத்தில் வைத்து, ஒரு வருடமாகப் பூவும் கற்பூரமும் காட்டினாள். அது அமெரிக்கக் கழுகு, ஆற்றில் மீன் பிடித்துத் தின்னும் சீவன் என்று பிறகு தெரிந்தபோது கிளாரா வானொலியில் மூச்சுவிடாமல் சிரித்தாளாம். அந்தச் சிரிப்போடு குணரத்தினத்தைச் சங்கத்தில் சேர்த்துக்கொண்டார்கள்.

சங்கம் என்றால் ஏழெட்டுக் கிழடுகள். பூச்சிமருந்து ஆற்றுமீனில் ஏறி, அதைத் தின்ற கழுகின் முட்டை ஓடு மெலிந்து, தாய் அடைகாக்கக் குந்தினாலே முட்டை உடைந்துபோன காலம் ஒன்று அங்கே இருந்ததாம். அந்த மருந்தைத் தடை செய்தபின் கூடுகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. எந்த மரத்தில் புதுக்கூடு, எதில் குஞ்சு என்று சொல்லிக்கொள்ளத்தான் கூடினார்கள். நம் சனி காலை அவர்களுக்கு வெள்ளி பின்னேரம். போன சனிக்கிழமை குணரத்தினம் கராஜில் இருந்து வந்து, "கிளாராவின்ரை குஞ்சு இண்டைக்கோ நாளைக்கோ பறக்குமாம்" என்று தன் வீட்டுப் பிள்ளை பரீட்சைக்குப் போகிற மாதிரிச் சொன்னார். அதுதான் அவர் கடைசியாகக் கராஜுக்குப் போனது.

இரைச்சலுக்குள் குரல்கள் எழுந்தன. ராமச்சந்திரா ஹெட்போன் வயரைப் பிடுங்கிவிட்டார். ஒலி இப்போது அறை முழுவதும் கேட்டது. குணரத்தினம் ஒருநாளும் அப்படிச் செய்ததில்லை. ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கதவையும் சாத்திவிட்டுத்தான் பேசுவார்.

ராமச்சந்திரா தான் யாரென்று சொல்லி, பிறகு மெதுவாகச் செய்தியைச் சொன்னார். கடலும் தரையும் தாண்டி யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

"நான் வால்ட்டர்," என்றது ஒரு முதிய ஆண் குரல், ஆங்கிலத்தில். "குணாவுக்கு இனி அந்தக் கால் இழுப்பு இல்லை. அந்த மட்டில் கடவுளுக்கு நன்றி. போன மாதம் இரவெல்லாம் சத்தம் வராமல் துவாயைக் கடித்துக்கொண்டு கிடந்தேன் என்று சொன்னாரே, அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை."

ராமச்சந்திரா அவசரமாக ஒலியைக் குறைக்கப் போனார். அன்னபாக்கியம் அவருடைய மணிக்கட்டைப் பிடித்தாள்.

"என்ன துவாய்?" என்று தமிழில் கேட்டாள். அவருக்கு விளங்காது என்று நினைவு வந்து ஆங்கிலத்தில் கேட்டாள். அவர் தரையைப் பார்த்தார். அவருக்கும் தெரிந்திருந்தது என்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

"அதைத் தாங்கோ. நான் கதைக்கிறன்."

"சட்டப்படி கூடாது அக்கா," என்று ஆங்கிலத்தில் சொன்னவர், ஒலிவாங்கியை அவள் கையில் வைத்தார். "இந்தப் பொத்தானை அமத்திப் பேசுங்கள். கேட்கும்போது விடுங்கள். இன்றைக்கு யார் கேள்வி கேட்கப் போகிறார்கள்."

அவளுடைய ஆங்கிலம் ஆசுப்பத்திரிச் சலவைப் பகுதியில் வேலை செய்து பழகிய ஆங்கிலம். சின்னச் சின்ன வசனங்கள்.

"நான் குணாவின் மனைவி. நீங்கள் சொல்வது பிழை. என் கணவருக்கு நோ இல்லை. நான் விரதம் பிடித்தேன். கடவுள் நோவை எடுத்துவிட்டார். ரெண்டு வருசம் நோ இல்லை."

பொத்தானை விட்டாள். இல்லை என்று யாராவது ஒருவர் சொல்லவேண்டும், வால்ட்டருக்கு வயது போய்விட்டது, ஆளை மாறிச் சொல்லிவிட்டார் என்று யாராவது சொன்னால் போதும் என்று அவள் மனம் அடித்துக்கொண்டது.

வந்தது கிளாராவின் குரல்.

"அன்னா," என்றாள். கிளாராவுக்குத் தன் பெயர் தெரிந்திருக்கிறது. "எங்கள் சங்கத்துச் சட்டம் உங்களுக்குச் சொல்லியிருப்பார். முதலில் உடம்பு வருத்தம், பிறகு கழுகு. அவரவர் உடம்பைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் திட்டித் தீர்க்கலாம். கழுகு தொடங்கினால் வருத்தத்தைப் பற்றி வாயைத் திறக்கக்கூடாது. குணாதான் எங்கள் எல்லாரையும்விட நன்றாகத் திட்டுவார். தமிழிலும் திட்டுவார், எங்களுக்கு ஒன்றும் விளங்காது, ஆனால் சிரிப்பு வரும். வீட்டில் சொல்லுங்களேன் என்று நான் ஒருநாள் கேட்டேன். ஐயோ வேண்டாம் என்றார். வீட்டில் சொன்னால் அவள் சாப்பாட்டை விட்டுவிடுவாள், எனக்குக் கால் நோவதை என்னால் தாங்கமுடியும், அவள் பசி கிடப்பதைத் தாங்கமுடியாது என்றார். அதனால்தான் எங்களிடம் கொட்டினார். எங்களிடம் கோபிக்க வேண்டாம்."

கராஜின் தகரக் கூரையில் மழை பெலத்துக் கேட்டது. அன்னபாக்கியம் குணரத்தினத்தின் கதிரையில் இருந்தாள். எப்போது அதில் இருந்தாள் என்று அவளுக்கே தெரியாது. கோபம்தான் முதலில் வந்தது. ஏழெட்டுக் கிழடுகளுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியாமல் போச்சே என்று வந்தது. இரண்டு வருடம் பக்கத்தில் படுத்தவள் நான், அவர் துவாயைக் கடித்ததைக் காணாமல் குறட்டை விட்டேனா என்று வந்தது. பிறகு அவர் சக்கர நாற்காலியில் வந்து, துப்புரவாப் போட்டுது என்று சொன்ன முகம் வந்தது. அவ்வளவு சந்தோசமாக அவர் பொய் சொன்னதை அவள் அதற்குமுன் கண்டதில்லை. கோபம் நிற்கமுடியாமல் எங்கேயோ போய்விட்டது. அழுகைதான் மிஞ்சியது. இரண்டு நாளாக வராத அழுகை, ஊருக்காக ஒப்பாரி வைக்காத அழுகை, சத்தமில்லாமல் வந்தது.

ராமச்சந்திரா முகத்தைத் திருப்பி எலுமிச்சை மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வானொலியில் ஒருவரும் அவசரப்படவில்லை. பிறகு கிளாரா கேட்டாள்.

"அன்னா, உங்கள் உடம்பு எப்படி?"

சுகம் என்று சொல்லத்தான் வாய் எடுத்தாள். எப்போதும் வரும் சொல், தானாகவே நுனிநாக்குக்கு வந்தது. பொத்தானை அமத்தியவள் அதை விழுங்கிக்கொண்டாள்.

"எனக்குச் சலரோகம்," என்றாள் ஆங்கிலத்தில். "ரெண்டு பாதமும் விறைக்குது. முழங்கால் நோகுது, படி ஏற ஏலாது. சலவை மெசினுக்கு முன்னால் நின்று நின்று இடுப்பு செத்துப்போச்சு. ரெண்டு நாள் நித்திரை இல்லை. தலை சுத்துது. நான் ஒருத்தருக்கும் சொன்னதில்லை."

"நன்றாகத் திட்டுங்கள்," என்றார் வால்ட்டர்.

அவள் மூக்கைச் சேலைத் தலைப்பில் துடைத்தாள். "முழங்கால் சனியன்," என்றாள் தமிழில். தூரத்தில் யாரோ மெல்லச் சிரித்தார்கள்.

"சரி," என்றாள் கிளாரா. "இனிக் கழுகு."

குஞ்சு செவ்வாய்க்கிழமை கூட்டை விட்டுக் குதித்ததாம். சரியாகப் பறக்கவில்லை. பக்கத்துச் சோள வயலுக்குள் விழுந்து, நனைந்த கோழியாட்டம் குந்திக்கொண்டிருந்ததாம். கிளாரா இடுப்பு நோவோடு வேலியைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்தாளாம். தாயும் தகப்பனும் மாறி மாறி மீனைக் கொண்டுவந்து, தரையில் அதன் முன்னால் போட்டுவிட்டுத் தள்ளிப்போய் நின்றனவாம். முதலில் குஞ்சு தொடவில்லையாம்.

கதவு திறந்தது. மகேசன் ஒரு காலை உள்ளே வைத்துத் தாழ்ந்த குரலில் சொன்னான்.

"அண்ணி, கார் வெளிக்கிட்டுட்டுதாம். இன்னும் பத்து நிமிசத்தில அண்ணையைக் கொண்டுவந்திடுவினம்."

அவள் கையைக் காட்டி அவனை நிறுத்தினாள். கண் வானொலிப் பெட்டியை விட்டு எடுபடவில்லை.

"தம்பி, ரெண்டு துண்டு பாண் கொண்டுவாங்கோ."

"ஆருக்கு?"

"எனக்கு."

அவன் திகைத்துப்போய் அவளையும் ராமச்சந்திராவையும் மாறி மாறிப் பார்த்தான். உடலை எரிக்கக் கொண்டுபோகுமுன் சாப்பிடுவதா என்று கேட்க வாய் வந்தது. ஆனாலும் ஓடிப்போய், பட்டர் தடவ நேரமில்லாமல், வெறும் பாணை ஒரு சோசரில் வைத்துக் கொண்டுவந்தான்.

கிளாரா இரண்டாம் நாள் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். அன்னபாக்கியம் சோசரை மடியில் வைத்து, பாணைச் சின்னச் சின்னத் துண்டாகப் பிய்த்து, ஒவ்வொன்றாக வாயில் போட்டு, கடைசித் துண்டுவரை சப்பி விழுங்கினாள்.